கொழுந்தூர் பஸ்ஸும் எட்டு பழைய டிரான்சிஸ்டர்களும்

புன்னைசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறந்துபோனவர்கள் மறுபடியும் பஸ் ஏறத் தொடங்கிய வருஷத்தில் யாரும் பயந்து ஓடவில்லை, ஏனென்றால் ஏறியவர்கள் எல்லாரும் தெரிந்த முகங்களாக இருந்தார்கள், தலையில் அதே கடகப்பெட்டி, கையில் அதே மஞ்சள் பை, இடுப்பில் அதே அழுகிற பிள்ளை, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற அதே அவசரம். உயிரோடு இருந்தபோது எப்படி முண்டியடித்தார்களோ அப்படியே முண்டியடித்தார்கள், சத்தம் மட்டும் இல்லை.

அவர்கள் ஏறியது ரேடியோ கடை சொரிமுத்து தன் கையால் செய்து மாட்டிய விளக்குப் பலகையில். பலகையை எதற்காகச் செய்தீர்கள் என்று கேட்டவர்களிடம் அவர், “பஸ் நேரம் தெரியாம சனம் தவிக்குல்லா” என்று சொல்லிவைத்தார். அது பொய். ஒரே ஒரு ஆளின் வாயை அடைப்பதற்காகத்தான் அவர் அதைச் செய்தார், அது ஊருக்கும் தெரியும்.

அந்த ஆள் காந்திமதிநாதன். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில், கையில் மைக், கூண்டு மாதிரி ஒரு அறை. அதற்குள் உட்கார்ந்து அவர் “கொழுந்தூர், கொழுந்தூர், கொழுந்தூர்” என்று மூன்று தரம் சொன்னால் மூன்றாவது கொழுந்தூர் இழுபட்டு இழுபட்டு ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்பும். வேலை முடிந்தது, கொஞ்ச நாளில் மைக் செட்டும் புகைந்து அணைந்தது, மனுஷன் மட்டும் அடங்கவில்லை. தினமும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, பூட்டிக் கிடந்த கூண்டுக்கு வெளியே நின்று, வெறுந்தொண்டையால் எல்லா பஸ்ஸையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர்வரிசையில் கடை வைத்திருந்த சொரிமுத்துவுக்கு ஒவ்வொரு கூப்பாடும் காதுக்குள் எறும்பு புகுந்ததுபோல இருக்கும்.

ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் கடலை தின்றவர்கள். அந்த மைக் செட்டைப் பிரித்துத் தூசி தட்டி, சால்டரிங் வைத்து, மறுபடி பேசவைக்கிறது சொரிமுத்துவின் வேலை. பேசுகிறது காந்திமதிநாதனின் வேலை. பிறகு ஒரு மழை நாளில் கொழுந்தூரிலிருந்து சொரிமுத்துவின் அப்பா இறந்த செய்தி தபாலாபீஸுக்கு வந்தது. அந்த ஊர்ச் சுடுகாடு ஆற்றுக்கு அக்கரையில். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தாமதித்தால் பாடை அக்கரை போகாது. தகப்பனுக்குக் கொள்ளி மூத்தவன்தான் வைக்க வேண்டும், மூத்தவர் சொரிமுத்து. தபாலாபீஸிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை உயர்த்திக்கொண்டு, சேற்றில் ஓடி வந்தார். கொழுந்தூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. காந்திமதிநாதன் திரும்பி அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு விசிலை ஊதினார். பஸ் போய்விட்டது, ரயில்வே கேட்டும் விழுந்துவிட்டது, கொள்ளியைத் தம்பி வைத்தான்.

அதற்குப் பிறகு சொரிமுத்து காந்திமதிநாதனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தலை நரைத்தது, பல் விழுந்தது, ரேடியோ போய் டிவி வந்து, டிவி போய் செல்போன் வந்தது, பேசவில்லை. “என்னைப் பார்த்துட்டுத்தான் ஊதினான்” என்பதைக் கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொன்னார். சொல்லும்போது சில பேர், “மழையில உங்க முகம் தெரிஞ்சிருக்காது அண்ணாச்சி” என்பார்கள். அப்படிச் சொன்னவர்களின் ரேடியோ எத்தனை நாளானாலும் சரியாகாது.

விளக்குப் பலகை என்பது ஒரு கண்கட்டு வித்தை. எட்டு வரிசையில் சின்னச் சின்ன சிவப்பு எல்.ஈ.டி. விளக்குகள், எல்லாம் ஒன்றாக எரிவதுபோலத் தெரியும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வரிசைதான் எரியும். முதல் வரிசை எரிந்து அணையும், அடுத்தது எரிந்து அணையும், அப்படியே எட்டாவது வரைக்கும் ஓடி, மறுபடி முதலுக்கு வரும். அந்த ஓட்டத்தைக் கண் தொடர முடியாததால், அணைந்துபோனதை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, இன்னும் எரிகிறது என்று நம்பிவிடும். போனதைப் பிடித்து வைத்துக்கொள்கிற அந்தக் குணம் சொரிமுத்துவுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பலகைக்கு மூளை சென்னையிலிருந்து பார்சலில் வந்தது, தீப்பெட்டி அளவு. ‘இந்த வரிசையை எரி’ என்று சொல்ல அதற்குத் தெரியும், எரிக்கிற தெம்பு கிடையாது. சொல்லை வாங்கிக்கொண்டு வேலையைச் செய்ய நடுவில் ஒரு முரட்டு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் டிரைவர் சர்க்யூட். சொரிமுத்து மிட்டாய்ப் பெட்டியைப் பிரித்து அதன் உள்பக்கத்தில் படம் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். மேலிருந்து கீழே இறங்குகிற வரிசைகளுக்குச் சின்ன ஐ.சி.க்களே போதும். படுக்கை வரிசைகள்தான் பாடு. எரிகிற நேரத்தில் ஒரு வரிசை விளக்கு அத்தனையின் கரண்டும் ஒரே ஆள் தலையில் வந்து விழும். அதற்கென்று புது டிரான்சிஸ்டர்கள் திருநெல்வேலியில் கிடைத்தன. சொரிமுத்து போகவில்லை. பரணில் ஏறி, பழைய சாமானாக எடைக்கு வாங்கிப் போட்டிருந்த பஸ் ஸ்டாண்டின் செத்துப்போன மைக் செட்டைக் கீழே இறக்கினார். அதற்குள் தகரத் தொப்பி போட்ட பெரிய டிரான்சிஸ்டர்கள் எட்டு இருந்தன. காந்திமதிநாதனின் குரல் அத்தனையும் அவற்றின் வழியாகத்தான் வெளியே போயிருந்தது.

“அவன் கத்துனதுக்கெல்லாம் தோள் குடுத்த சனியனுவ. இனி அவனை அடக்கத் தோள் குடுக்கட்டும்” என்றார்.

அவர் மனைவி கோமு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். “டிரான்சிஸ்டர்ட்டகூட பழி தீக்கிற ஆளை நான் இப்பத்தான் பாக்கேன்” என்றாள்.

பேச்சுக்கும் பாட்டுக்கும் பழகிய அந்தப் பழைய டிரான்சிஸ்டர்கள் மந்தமானவை. திற என்றால் திறக்கும். மூடு என்றால் யோசித்து யோசித்து மூடும். ஒரு வரிசை மூடி முடிப்பதற்குள் அடுத்தது திறந்துவிடும், முன்னதின் வெளிச்சம் பின்னதில் மங்கலாகக் கசியும். தொழிலில் இருப்பவர்கள் அதை நிழல் என்பார்கள். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு ரெசிஸ்டர் வைத்தால் கசிவு குறையும். கடை மேஜையில் போட்டுப் பார்த்தபோது நிழல் அவ்வளவாகத் தெரியாததால் சொரிமுத்து அதை வைக்காமல் விட்டார். ஊரில் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொன்னால் அந்த ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

பலகையை மாட்டிய அன்று சாயங்காலம், வெயில் இறங்கி, ‘பாபநாசம்’ என்ற எழுத்து சிவப்பாக நகர்ந்து போனபோது, டீக்கடை மைதீன் வடைத்தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தான்.

“அண்ணாச்சி, அந்தக் கடைசி எழுத்துக்குக் கீழ எங்க வாப்பா நிக்காவ.”

“எங்க?”

“அந்தா. டிரைவருக்கு டீ நீட்டுதாவ பாருங்க. கிளாஸைச் சாய்ச்சுத்தான் நீட்டுவாவ, பாதி டீ ஜன்னலுக்கே போயிரும்.”

சொரிமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “எட்டு வரிசையில ஒரு எழுத்தே ஒழுங்கா நிக்க மாட்டேங்கு. உங்க வாப்பா எப்படிவே நிக்காரு?”

“அதான் நானும் பாக்கேன். நல்லா சவுரியமாத்தான் நிக்காவ.”

பாபநாசம் போய்த் தென்காசி வந்தது. தென்காசி எழுத்துக்கு அடியில், மங்கல் சிவப்பில், எந்தக் காலத்திலோ தென்காசி பஸ் ஏறியவர்கள் ஏறினார்கள். எந்த ஊர்ப் பெயர் ஓடுகிறதோ அந்த ஊர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் அதன் கீழே வந்தார்கள். பார்க்க வந்தவர் எந்த நாளைத் தேடி வந்தாரோ அந்த நாள் வந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள்.

பிறகு ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றி வைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தென்காசி எழுத்து ஓடும்போது முன்வரிசைப் பெஞ்சை ஓய்வுபெற்ற டீச்சர் குழல்வாய்மொழிக்கு விட்டுவிட வேண்டும், அவள் கணவர் அந்த பஸ்ஸில்தான் வேலைக்குப் போவார், மப்ளரை மறந்துவிட்டுப் போவார், ஒவ்வொரு வெள்ளியும் அவள் “மப்ளர், மப்ளர்” என்று சொல்ல, அவர் ஒவ்வொரு வெள்ளியும் மறந்துவிட்டுப் போனார். கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளையின் தாத்தா எப்படிப்பட்டவர் என்று பார்க்கப் பெண் வீட்டாரைக் கூட்டிவந்தார்கள். பாத்திரக்கடைக்காரர் ஒருவரின் தகப்பனார் பக்கத்தில் நின்றவன் ஜேப்பில் கைவிட்டதை ஊரே பார்த்தது, பாத்திரக்கடை இரண்டு நாள் திறக்கவில்லை, மூன்றாம் நாள் திறந்தபோது யாரும் ஒன்றும் கேட்காமல் சொம்பு வாங்கிப் போனார்கள். டிரைவர்கள் ஹாரன் அடிப்பதை விட்டார்கள், பலகையில் ஏறுகிற பிள்ளைத்தாய்ச்சிகள் திடுக்கிடுவதுபோலத் தெரிந்ததால். முறுக்கு விற்கிற பெண்கள் பலகையில் தங்கள் ஆத்தாள்கள் எந்த இடத்தில் நின்று விற்றார்களோ அந்த இடத்துக்கே கூடையை மாற்றிக்கொண்டார்கள், வியாபாரம் கூடியது. பழைய பஸ்களின் மூக்கும், டாப்பில் ஏற்றிய வாழைத்தாரும், டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுகிற சைக்கிள் கடைக்காரரும், தகரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுகிற புதுப்பெண்ணும் போய்க்கொண்டே இருந்தார்கள், கீழே நிற்கிறவர்கள் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அவர்கள் போக வேண்டிய பஸ்களும் போய்க்கொண்டே இருந்தன.

எல்லா ஊர்ப் பெயரும் பலகையில் ஓடியது, கொழுந்தூர் மட்டும் ஓடவில்லை. சொரிமுத்து ஏற்றவில்லை.

அதனால் காந்திமதிநாதன் வாய் முழுக்க அடங்கவும் இல்லை. மற்ற பஸ்களைப் பலகை பார்த்துக்கொண்டதும் அவர் அவற்றை விட்டுவிட்டார். தினமும் சாயங்காலம் கொழுந்தூர் பஸ்ஸுக்கு மட்டும் வந்து நின்று, “கொழுந்தூர், கொழுந்தூர், கொழுந்தூர்” என்று கூப்பிட்டுவிட்டுப் போனார். எந்த ஒரு பெயரைக் கேட்டால் சொரிமுத்துவுக்கு வயிறு எரியுமோ அந்த ஒரு பெயர்தான் மிஞ்சி நின்றது.

“பேரை ஏத்திருங்க, அவரு வாயும் அடங்கும், நீங்களும் அடங்குவீய” என்றாள் கோமு. “என்ன பயம்?”

“எனக்கென்ன பயம்? நடந்தது எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சதைப் பாக்கத்தானே இத்தனை சனமும் வருது.”

சொரிமுத்து சால்டரிங் கம்பியை எடுத்துக்கொண்டு வேலையில் குனிந்தார். தன் அப்பாவுக்குத் தான் வைக்காத கொள்ளிக்குப் பதிலாக இத்தனை வருஷமும் அவரிடம் இருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். அது பொய் என்று ஆகிவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

அந்தச் சமயத்தில்தான் பேரூராட்சி அதிகாரி அம்மா வந்தார். ஜனங்கள் பஸ்ஸைத் தவறவிடுகிறார்கள், எழுத்தும் நிழலும் கலந்து நேரம் படிக்க முடியவில்லை என்று மனு மேல் மனு. அவர் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பலகையின் கீழே நின்றார். தென்காசி ஓடியபோது யாரையோ பார்த்துவிட்டார் போல, கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகுதான் உத்தரவைச் சொன்னார். “நல்லாத்தான் இருக்கு, பெரியவரே. ஆனா இது பஸ் ஸ்டாண்டு. செவ்வாய்க்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க, இல்லன்னா கழட்டிருங்க.”

சரி பண்ணுவது என்றால் பழைய டிரான்சிஸ்டர்களை எடுத்துவிட்டுப் புதிதைப் போடுவது. போட்டால் நிழல் போய்விடும், அந்த மழை நாளும் அதோடு போய்விடும். சொரிமுத்து யோசித்தார். திருநெல்வேலிக்குப் போய்ப் புது டிரான்சிஸ்டர்கள் வாங்கி வந்தார். பிறகு மைதீன் கடை முன்னால் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “திங்கக்கிழமை சாயங்காலம் கொழுந்தூர் ஓடும். என்னைப் பாத்துட்டுத்தான் ஊதினான்னு நான் சொன்னப்ப சிரிச்சவன் அத்தனை பேரும் வந்து பாக்கணும்.”

வந்தார்கள். பெஞ்சு போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். பஸ் ஸ்டாண்டு வாசலில் பூ விற்கிற பஸ்பேச்சி கூடையோடு வந்து தூணோரம் நின்றாள். பஸ்ஸுக்குள்ளேயே பிறந்தவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். காந்திமதிநாதனும் வந்து, கூண்டுக்குப் பக்கத்தில் வழக்கமான இடத்தில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அன்றைக்குக் கூப்பிடவில்லை.

‘கொழுந்தூர்’ ஓடியது. அதன் அடியில் மழை பெய்தது.

மழைக்குள் பழைய மூக்கு பஸ் ஒன்று நின்றது. அதன் பக்கத்தில், தலை நிறைய முடியோடு, வாயில் விசிலோடு காந்திமதிநாதன். பலகையின் இந்த ஓரத்திலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை உயர்த்திக்கொண்டு, மெலிந்த ஒருவன் ஓடி வந்தான். அது சொரிமுத்து. காந்திமதிநாதன் திரும்பினார். ஓடி வருகிறவனை நேராகப் பார்த்தார்.

“பாத்தான்! பாத்தியளா!” சொரிமுத்து எழுந்து கத்தினார். “இத்தனை வருசம் இதைத்தானே சொன்னேன்!”

யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பலகையில் காந்திமதிநாதன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். ‘வா, வா’ என்று கையை வீசினார். டிரைவரை ‘இரு’ என்று கையமர்த்தினார். அப்போது பஸ் ஜன்னலில் ஒரு கை தெரிந்தது, கம்பியை முறுக்கிப் பிடித்திருந்தது. கைக்குப் பின்னால் ஒரு பெண், முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கொழுந்தூர் வழியில்தான் மிஷன் ஆஸ்பத்திரி. காந்திமதிநாதன் அவளைப் பார்த்தார். ரயில்வே கேட்டைப் பார்த்தார். கேட் விளக்கு ஆடத் தொடங்கியிருந்தது. கூட்ஸ் வண்டி வந்தால் அந்தக் கேட் எவ்வளவு நேரம் திறக்காது என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஓடி வருகிறவனைப் பார்த்தார். அவன் இன்னும் தூரத்தில் இருந்தான். கேட்டை ஒருதரம், ஜன்னலை ஒருதரம், அவனை ஒருதரம். பிறகு விசிலை வாயில் வைத்தார்.

பஸ் கேட்டைத் தாண்டியதும் கேட் விழுந்தது. ஓடி வந்தவன் சேற்றில் நின்றான். காந்திமதிநாதன் கூண்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

தூணோரத்திலிருந்து பஸ்பேச்சி சொன்னாள், “அது எங்கம்மா.”

அவளிடம் அம்மாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. பஸ்ஸில் அவளைப் பெற்றுவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் கண்ணை மூடிவிட்டவள் அம்மா. ஆனாலும் கண்ணாடியில் தினமும் பார்க்கிற மூக்கும் நெற்றியும் அவளுக்குத் தெரியாதா? பஸ்பேச்சி பிறந்த கதையும் ஊருக்குத் தெரியும், சொரிமுத்து பஸ்ஸை விட்ட கதையும் ஊருக்குத் தெரியும். இரண்டும் ஒரே பஸ் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

சொரிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு கூண்டுக்குப் போனார்.

“என்னைப் பாத்தீரு.”

“பாத்தேன்” என்றார் காந்திமதிநாதன்.

“பாத்துட்டுத்தான் ஊதினீரு.”

“ஆமா. பாத்துட்டுத்தான் ஊதினேன்.”

“ஏன்வே சொல்லல?”

“நீரு கேட்டீரா? என்னைக் கண்டா எதிர்ச் சாரிக்குப் போயிருவீரு. உம்ம முதுகுட்டயா சொல்ல?”

“ஊர்ல வேற யார்ட்டயாவது சொல்லியிருக்கலாம்லா.”

காந்திமதிநாதன் தூணோரம் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். “சொன்னா ஊர்க்காரன் என்ன பேசுவான்? உம்மை அப்பனுக்குக் கொள்ளி வைக்க விடாம பண்ணின பிள்ளைம்பான். தாயையும் முழுங்கிட்டு வந்ததும்பான். நீரு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சப்ப அந்தப் பிள்ளை தத்தித் தத்தி நடக்குவே, இந்தக் கூண்டைப் பிடிச்சிட்டு. எனக்குக் கெட்ட பேருன்னா இருந்துட்டுப் போகுது, நான் வேலைக்காரன்.”

சொரிமுத்து ஜெயித்துவிட்டார். அவர் சொன்னது அத்தனையும் சரி என்று ஊர் முன்னால் ஆகிவிட்டது. அந்த ஜெயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், விழுந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்போல நின்றார். பிறகு கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவர் பலகையை இறக்கி வைத்துக் கழற்றிக்கொண்டிருந்தபோது பஸ்பேச்சி வந்தாள். ஒரு முழம் பூவைக் கோமுவிடம் கொடுத்துவிட்டு நின்றாள்.

“அண்ணாச்சி, எல்லாத்தையும் எடுத்திருவீயளா?”

“உத்தரவுல்லா தாயி.”

“முகத்தை நான் பாத்துட்டேன், அது போதும். கம்பியைப் பிடிச்ச கை இருக்குல்லா, அதை மட்டும் விடுங்க. பூக் கட்டும்போது நிமிந்து பாத்துக்கிடுவேன்.”

அந்தக் கை மூன்றாவது வரிசையில் வந்தது. சொரிமுத்து மூன்றாவது டிரான்சிஸ்டரைத் தொடவில்லை. மற்றவற்றை எடுத்துப் புதிதை வைத்து, ரெசிஸ்டரும் வைத்து, கீழே வரும்போது எட்டாவதில் சால்டரிங் கம்பியை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார், எடுத்துவிட்டார். யாரும் கேட்காமலே அதையும் விட்டுவிட்டார்.

இப்போது பலகையில் நேரம் பளிச்சென்று தெரிகிறது. அதிகாரி அம்மாவுக்குத் திருப்தி. மைதீனுக்கும் குழல்வாய்மொழி டீச்சருக்கும் வருத்தம்தான். டீச்சர் வெள்ளிக்கிழமைகளில் வந்து, எட்டாவது வரிசையில் போகிற கால்களில் பூட்ஸ் போட்ட தன் கணவரின் காலைக் கண்டுபிடித்து, “மப்ளர்” என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். அடிவரிசையில் கால்கள் மட்டும்தான் நடக்கின்றன, செருப்புப் போட்டதும் போடாததும், மெட்டி போட்டதும், வெடித்ததும்.

கொழுந்தூர் எழுத்து ஓடும்போது பஸ்பேச்சி கட்டுகிற பூவை மடியில் வைத்துவிட்டு நிமிர்கிறாள். காந்திமதிநாதன் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார். உண்மையான கொழுந்தூர் பஸ் எஞ்சின் உறுமிக்கொண்டு நிற்கிறது, நிறுத்திவைத்திருப்பவர் அவர். புது டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சத்தம் போடுகிறான்.

“யாருக்குத் தாத்தா நிக்கிறோம்? கேட் போட்டுருவான்!”

“இருடே. ஓடி வாரான்லா.”

எட்டாவது வரிசையின் ஓரத்திலிருந்து சேறு தெறிக்க இரண்டு கால்கள் ஓடி வருகின்றன. அன்றைக்கு அவை பாதியில் நின்றுவிட்டன, கேட் விழுந்துவிட்டது. இப்போது கேட் இருந்த வரிசையும் இல்லை, விசில் இருந்த வரிசையும் இல்லை, புறப்பட்டுப் போகிற பஸ்ஸும் இல்லை. தடுக்க ஒன்றும் இல்லாததால் அந்தக் கால்கள் நிற்காமல் ஓடி, பலகையின் அந்தக் கடைசி வரைக்கும் வந்து, ஒரு எட்டு மேலே வைத்து, மறைகின்றன.

எதிர்வரிசையில், கழற்றிப் போட்ட யாருடைய ரேடியோ மேலோ குனிந்தபடி, தலையை நிமிர்த்தாமல், சொரிமுத்து காதை மட்டும் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார்.

விசில் கேட்கிறது.

“ஏறிட்டான்” என்கிறார் காந்திமதிநாதன், டிரைவருக்குத் தேவையான சத்தத்தைவிடக் கொஞ்சம் பலமாக. “ரைட், போலாம்.”